கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை மணி நேரம் ஆகும், ரத்தம் ஏற்பாடு செய்யணுமா, மயக்கம் எப்போது தெளியும், எப்போது தண்ணீர் கொடுக்கலாம். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "முடிஞ்சதும் நல்ல ஊசியாப் போடுங்க டாக்டரம்மா, விலையப் பாக்காதீங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது வார்டுக்குத் திரும்பிய பிறகு போடும் ஆண்டிபயாடிக்கை. ஆபரேஷனுக்கு முன்னால் போடும் ஊசியைப் பற்றி எந்தக் குடும்பமும் என்னிடம் விசாரித்ததாக நினைவில்லை.

நான் மயக்க மருத்துவர். அந்த முன் ஊசியைப் போடுவது பெரும்பாலும் என் கைதான். பெருங்குடலை வெட்டித் தைக்கும் ஆபரேஷனில், பின்னால் ஐந்து நாள் போடும் ஊசிகளால் முடியாததை, கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் போடும் ஒரே ஊசி செய்துவிடுகிறது. அறுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ச்சிகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் பக்கத்து வார்டுகளிலோ முன் ஊசி ஏனோதானோ என்றும் பின் ஊசி தாராளமாகவும் போடப்படுகிறது. பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

சீழ் வைத்த வயிற்றுப் புண் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாலு நாள் எல்லாம் நன்றாகவே போகும். நோயாளி எழுந்து நடப்பார், கஞ்சி குடிப்பார், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்பார். ஐந்தாம் நாள் வாக்கில் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். தையல் வரிசையில் ஓரிடம் சிவந்து, தொட்டால் சுடும். கட்டுத்துணி மஞ்சளாக நனைந்திருக்கும். சர்ஜன் அந்த இடத்தில் இரண்டு தையலைப் பிரித்து விடுவார். பழுப்பு நிறத்தில் நீர் குபுக்கென்று வெளியே வரும். நாற்றம் பக்கத்துக் கட்டில் வரை போகும். காற்றில்லாத இடத்தில் வாழும் குடல் கிருமிகளின் நாற்றம் அது, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. அன்றிலிருந்து புண்ணைத் திறந்தே வைத்து, தினமும் கழுவி, மருந்தில் நனைத்த துணியை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து மூடுவதற்கு வாரக் கணக்காகும், சிலருக்கு மாதக் கணக்கு.

தோலோடு நின்றால் அது அதிர்ஷ்டம். தசை வரை போனால் உள் தையலும் விட்டுப்போய்க் குடல் வெளியே தெரியும் நிலைமை வரலாம். அது ஆறினாலும் பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். வயிற்றுக்குள்ளேயே சீழ் கட்டினால் மறுபடியும் தியேட்டர்தான். புற்றுநோய்க்காகக் குடலை எடுத்தவராக இருந்தால், புண் ஆறும் வரை கீமோதெரபியை ஆரம்பிக்க முடியாது. அந்த வாரங்களின் விலையை யாரும் பில்லில் எழுதுவதில்லை. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செலவு கழிந்துவிட்டாலும், கூட இருக்கும் மனைவியோ மகனோ இழக்கும் கூலியைக் கொடுக்க யாரும் இல்லை.

எல்லா ஆபரேஷனிலும் இந்த அபாயம் உண்டு என்றாலும் பெருங்குடலின் கணக்கே வேறு. அங்கே இருக்கும் ஒரு கிராம் மலத்தில் பாக்டீரியாக்கள் 10,000 கோடி அளவில் இருக்கும். தைராய்டு ஆபரேஷனிலோ ஹெர்னியாவிலோ கிருமி வெளியிலிருந்து, தோலிலிருந்து வர வேண்டும். குடலில் அப்படியில்லை, வெட்டும் இடமே கிருமிகளின் வீடு. அதிலும் இரண்டு பெரிய கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று ஈ.கோலை போன்றவை, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழக்கூடியவை. இன்னொன்று பாக்டீராய்ட்ஸ் போன்றவை, காற்றுப் பட்டால் தாங்காதவை. எண்ணிக்கையில் இரண்டாவது கூட்டம்தான் பல நூறு மடங்கு அதிகம்.

இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்டிய ஒரு எலிப் பரிசோதனையை ஜூனியர்களுக்கு நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். 1970களின் நடுவில் அமெரிக்காவில் பார்ட்லெட், ஆண்டர்டாங்க், கோர்பாக் முதலானோர் சேர்ந்து செய்தது. எலிக் குடலின் உள்ளடக்கத்தை ஒரு ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்து, வேறு எலிகளின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார்கள். கேப்ஸ்யூல் கரைந்து, குடலில் ஓட்டை விழுந்தது போன்ற நிலைமை உண்டாகும். மருந்து எதுவும் கொடுக்காத எலிகளில் 37 சதவீதம் சில நாட்களில் செத்தன. பிழைத்தவை அத்தனையிலும் சீழ்க்கட்டி. ஈ.கோலை வகையைக் கொல்லும் ஜென்டாமைசின் கொடுத்தவற்றில் சாவு 4 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் பிழைத்த எலிகளில் 98 சதவீதத்துக்குச் சீழ்க்கட்டி. பாக்டீராய்ட்ஸ் வகையைக் கொல்லும் கிளிண்டாமைசின் கொடுத்தபோது தலைகீழ்: சாவு 35 சதவீதம், சீழ்க்கட்டி வெறும் 5. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் சாவு 7, சீழ்க்கட்டி 6 என்று இரண்டுமே அடங்கின. ஈ.கோலை வகை முதல் நாட்களில் ரத்தத்தில் ஏறிக் கொல்கிறது. பாக்டீராய்ட்ஸ் வகை பொறுமையாக உட்கார்ந்து சீழ் கட்டுகிறது. குடல் ஆபரேஷனுக்கு ஏன் எப்போதும் இரண்டு மருந்து, ஏன் ஈ.கோலை வகைக்கான செபலோஸ்போரினோடு பாக்டீராய்ட்ஸ் வகைக்கான மெட்ரோனிடசோல் பாட்டிலும் தொங்குகிறது என்று கேட்டால், பதில் அந்த எலிகளிடம் இருக்கிறது.

எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பது இன்னும் முக்கியம். பென்சிலின் வந்த பிறகு 1950களில் சர்ஜன்கள் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் ஊசி போட ஆரம்பித்தார்கள். புண்ணில் சீழ் வைப்பது குறையவில்லை. தடுப்புக்கு ஆண்டிபயாடிக் உதவாது என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். பாஸ்டனில் ஜான் பர்க் என்ற சர்ஜன் அந்த முடிவைக் கினிப்பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்து 1961இல் வெளியிட்டார். தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை ஏற்றி, பென்சிலினை வெவ்வேறு நேரங்களில் கொடுத்து, ஒரு நாள் கழித்து வீக்கத்தை அளந்தார். கிருமி ஏறுவதற்கு முன்போ ஏறும் நேரத்திலோ மருந்து ரத்தத்தில் இருந்தால், செத்த கிருமியை ஏற்றியபோது வரும் அளவுக்குத்தான் வீக்கம் வந்தது. நேரம் தள்ளத் தள்ள வீக்கம் பெரிதானது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்துக்கும் கொடுக்காமல் விட்டதற்கும் வித்தியாசமே இல்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை. வெட்டிய இடத்தில் ரத்தம் உறைகிறது, நீர் கோக்கிறது, சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன, சில தீய்ந்தும் போகின்றன. அந்த உறைவுக்குள் சிக்கிய கிருமிக்குச் சாப்பாடும் இருக்கிறது, மறைவிடமும் இருக்கிறது. பிறகு வரும் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் அங்கே போய்ச் சேராது. முன்பே வந்த மருந்து அந்த உறையும் ரத்தத்திலேயே கலந்து உள்ளே இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பார்களே, இங்கே அது அப்படியே பொருந்துகிறது.

1969இல் மயாமியில் ஹைரம் போல்க்கும் லோபஸ் மேயரும் இதை மனிதர்களில் செய்து பார்த்தார்கள். வயிற்று ஆபரேஷனுக்குப் போகும் நோயாளிகளுக்கு செபலோரிடின் ஊசி, முதல் டோஸ் ஆபரேஷனுக்கு முன்பு, பிறகு அன்றைக்கே இன்னும் இரண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் தண்ணீர் என்று சர்ஜனுக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. புண் சீழ் சுமார் 30 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியது.

இதற்கப்புறமும் ஒரு பத்து வருடத்துக்கு மேல், குடல் ஆபரேஷனில் பாதிப் பேருக்கு மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் தொடர்ந்து நடந்தன. 1981இல் பாம் என்பவரும் சகாக்களும் 1965 முதல் 1980 வரை வெளிவந்த அப்படிப்பட்ட 26 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மருந்து கிடைக்காதவர்களில் இறந்தவர்கள் 11.2 சதவீதம், கிடைத்தவர்களில் 4.5. மருந்து கிடைக்காத ஒரு குழுவை வைத்து இனி ஆய்வு செய்வது நியாயமில்லை என்று அந்தக் கட்டுரை தலைப்பிலேயே சொல்லிவிட்டது. 1970களின் நடுவிலேயே அதுவரை வந்த முடிவுகளைக் கூட்டியிருந்தால் விடை தெரிந்திருக்கும். அதற்குப் பின்னால் தண்ணீர் ஊசி போட்டுக்கொண்டு படுத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெரிந்த விஷயத்தைக் கூட்டிப் பார்க்காமல் விட்டால் அதற்கு யாரோ உயிரால் விலை கொடுக்கிறார்கள். 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 260 ஆய்வுகளை, 43,451 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே கதைதான். குடல் ஆபரேஷனில் தடுப்பு மருந்து இல்லாவிட்டால் 100 பேரில் 39 பேருக்குப் புண் சீழ், இருந்தால் 13 பேருக்கு.

சரி, நம் வார்டுக்கு வருவோம்.

நான் பார்த்த பல ஆஸ்பத்திரிகளில் நடைமுறை இதுதான். முந்தின நாள் சாயங்காலம், மருந்து அலர்ஜி ஆகுமா என்று பார்க்க, சிஸ்டர் கையில் டெஸ்ட் டோஸ் போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து வைப்பார். காலை ஆறரைக்கு, இரவு டியூட்டி முடிவதற்குள், லிஸ்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஊசி போட்டு, கேஸ் ஷீட்டில் 'ஆண்டிபயாடிக் கொடுத்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் மேல் தப்பில்லை, ஆர்டர் அப்படி எழுதியிருக்கிறது. முதல் கேஸுக்கு அது ஓரளவு சரி. குடல் கேஸோ மூன்றாவது. முதல் இரண்டும் இழுத்து, நடுவில் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் தாமதமாகி, கத்தி வைக்கும்போது மணி பன்னிரண்டரை. செபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த செஃபசோலின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே வகையில் செஃபோடாக்சிம் என்றால் இன்னும் சீக்கிரம், ஒரு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். காகிதத்தில் மருந்து இருக்கிறது, ரத்தத்தில் இல்லை.

இது என் ஊகக் கணக்கு மட்டும் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கிளாசென் குழுவினர் 2,847 ஆபரேஷன்களில் ஊசி போட்ட நேரத்தையும் புண் சீழையும் பொருத்திப் பார்த்தார்கள். குடல் மட்டுமில்லாமல் பலவகை ஆபரேஷன்கள் அதில் இருந்தன. கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் சீழ் 0.6 சதவீதம். கத்தி வைத்து மூன்று மணி நேரம் தாண்டிய பிறகு போட்டவர்களில் 3.3. ரொம்ப முன்கூட்டியே, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் முன்னால் போட்டவர்களில் 3.8, எல்லாவற்றையும்விட மோசம். நம் ஆறரை மணி ஊசி இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, 'கடந்த 60 நிமிடத்துக்குள் ஆண்டிபயாடிக் கொடுத்தாயிற்றா?' என்பது. 2016இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் 120 நிமிடத்துக்குள் என்கிறது, மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பொறுத்து நேரத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சீக்கிரம் கரைந்துபோகும் செஃபசோலினுக்கு ஒரு மணி நேரக் கணக்கே பொருத்தம்.

எங்கள் தியேட்டரில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மருந்து வார்டில் போடப்படுவதில்லை, நோயாளியோடு பொட்டலமாகத் தியேட்டருக்கு வருகிறது. மேஜையில் படுத்ததும் முதலில் மெட்ரோனிடசோல். அது 100 மில்லி பாட்டில், 500 மில்லிகிராம். நிதானமாக ஓட வேண்டும், அரை மணி நேரமாவது பிடிக்கும். கடைசி நிமிடத்தில் தொங்கவிட்டால் பாதி பாட்டில் உள்ளே போகும்போதே கத்தி வைத்திருப்பார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகில் எபிடியூரல் என்ற வலி மரப்பு ஊசி போடுகிறேன். பிறகு மயக்கம், மூச்சுக்குழாய்க் குழல். பெரிய குடல் கேஸில் இதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால் செஃபசோலினை உள்ளே வந்தவுடன் போடுவதில்லை. மயக்கம் நிலைபெற்று, சிஸ்டர் மூத்திரக் குழாயை எடுக்கும் சமயத்தில் இரண்டு கிராம், மூன்று நாலு நிமிடத்தில் மெதுவாக. 120 கிலோவுக்கு மேல் எடை என்றால் மூன்று கிராம். போட்டவுடன் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் நேரத்தையும் அடுத்த டோஸ் நேரத்தையும் எழுதிவிடுவேன். நாலு மணி நேரம் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ இன்னொரு டோஸ். மலக்குடல் கேஸ்கள் சாதாரணமாக அந்த நாலு மணி நேரத்தைத் தாண்டும். கீழே இடுப்புக்குள் தலையை விட்டு வேலை செய்யும் சர்ஜனுக்கு மணி பார்க்க நேரமிருக்காது, அது என் வேலை.

டெஸ்ட் டோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு அலர்ஜி வந்த வரலாறு இல்லாதவருக்கு அந்தத் தோல் சோதனையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. உண்மையான பாதுகாப்பு, அலர்ஜி பற்றி நிதானமாக விசாரிப்பதிலும், மருந்து போகும்போது பக்கத்திலேயே மயக்க மருத்துவர், அட்ரினலின், ஆக்சிஜன் எல்லாம் இருப்பதிலும் இருக்கிறது. அந்த வகையிலும் வார்டைவிடத் தியேட்டர்தான் நல்ல இடம்.

இன்னொரு விஷயம், நம் பக்கம் பலர் மறந்துபோனது: வாய்வழி ஆண்டிபயாடிக் மாத்திரை. குடலுக்குள் இருக்கும் கிருமியை ரத்தம் வழியாக மட்டும் ஏன் துரத்த வேண்டும், நேராகவே குறைக்கலாமே என்பது பழைய யோசனை. 1970களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் நிக்கோல்ஸும் காண்டனும் ஒரு முறையை வகுத்தார்கள். குடலைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகு, ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் 1 மணி, 2 மணி, இரவு 11 மணி என்று மூன்று வேளை, நியோமைசின் ஒரு கிராம், எரித்ரோமைசின் ஒரு கிராம். 1977இல் அங்குள்ள முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் புண் சீழ் 35 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. அதற்கப்புறம் நல்ல நரம்பு ஊசிகள் வந்தன, மாத்திரை வழக்கொழிந்தது. குடலைக் கழுவுவதும் வீண் என்று ஆய்வுகள் சொல்லின. பேதி மருந்து மட்டும் கொடுத்துக் குடலைக் கழுவினால் புண் சீழ் குறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கழுவுவதை விட்டபோது கூடவே மாத்திரையையும் விட்டுவிட்டோம், அதுதான் நஷ்டம்.

இப்போது மாத்திரை திரும்பி வருகிறது. மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பில், ஊசி மட்டும் போட்டவர்களைவிட ஊசியும் மாத்திரையும் சேர்ந்து பெற்றவர்களுக்குப் புண் சீழ் இன்னும் குறைந்தது. 2016 வழிகாட்டுதலும், திட்டமிட்ட பெருங்குடல் ஆபரேஷனில் குடலைக் கழுவினால் மாத்திரையோடு சேர்த்தே கழுவுங்கள், தனியாக வேண்டாம் என்கிறது. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசுகின்றன என்று சொல்லமாட்டேன். 2019இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில் கழுவலும் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 7 சதவீதம், எதுவும் பெறாதவர்களுக்கு 11. அந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த வருடம் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வில் குடலைக் கழுவாமலேயே முந்தின நாள் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். 11 சதவீதம் 5 ஆனது, இது உறுதியாக நின்ற வித்தியாசம். என்னைக் கேட்டால், இவ்வளவு மலிவான மாத்திரைக்கு இவ்வளவு ஆதாரம் போதும். வயதானவர்களுக்கு லிட்டர் கணக்கில் பேதி பவுடர் கலக்கிக் கொடுத்து, வாடிப்போய் தியேட்டருக்கு வருவதைப் பார்ப்பவள் என்ற முறையில், கழுவாமல் மாத்திரை மட்டும் கொடுக்கும் ஸ்பெயின் வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

இப்போது பின் ஊசிக்கு வருகிறேன். வலப்பக்கப் பெருங்குடலில் கட்டியை எடுத்த ஒருவரின் மனைவி, டிஸ்சார்ஜ் பேச்சு வந்தபோது என்னைத் தேடி வந்தார். "பக்கத்து பெட்காரருக்கு அஞ்சு நாளா ரெண்டு வேளை ஊசி போடுறாங்க. இவருக்கு ஆபரேஷனோட நிறுத்திட்டீங்களே, நாங்க காசு குடுக்க மாட்டோம்னு நெனச்சுட்டீங்களா?" கோபமில்லை, பயம். ஊசியை நிறுத்துவதைக் கவனிப்பை நிறுத்துவதாக அவர் எடுத்துக்கொண்டார். உட்காரவைத்து விளக்கினேன். "தையல் போட்டு மூடின பிறகு அந்த இடத்துக்குள்ள மருந்து போய்ச் சேராதும்மா. போக வேண்டியது முன்னாடியே போயிருச்சு. இப்ப போட்டா குடல்ல இருக்கற நல்ல கிருமியத்தான் கொல்லும், சிறுநீரகத்துக்கும் கெடுதல்." முழுசாக நம்பினாரா தெரியாது, தலையாட்டினார்.

நான் அவருக்குச் சொன்னது மனம்போன சமாதானம் அல்ல. ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்பது அந்த 2016 வழிகாட்டுதலின் உறுதியான பரிந்துரைகளில் ஒன்று. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் சுமார் 79,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரை, ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்தால் புண் சீழ் குறைவதில்லை, சிறுநீரகப் பாதிப்பும் கடுமையான குடல் தொற்றும் நாள் ஏற ஏறக் கூடுகின்றன என்று காட்டியது. குடல் ஏற்கெனவே ஓட்டையாகி வயிறு முழுக்க மலம் பரவிய அவசர கேஸ் வேறு விஷயம். அங்கே மருந்து சிகிச்சைக்காக, நாட்கணக்கில் தேவைப்படும். திட்டமிட்ட ஆபரேஷனில் அப்படியில்லை.

ஆனாலும் ஏன் தொடர்கிறார்கள்? பயம்தான். வார்டில் கூட்டம், ஒரே அறையில் முப்பது கட்டில், அடைந்துகிடக்கும் சிங்க். அங்கே நோயாளியை மருந்தில்லாமல் விட சர்ஜனுக்கு மனசு வருவதில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்ய என்னால் முடியாது. ஏதாவது ஆனால் குடும்பத்தின் முகம் பார்த்துப் பேச வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்தப் பயத்துக்கான மருந்து கை கழுவும் இடமும் சுத்தமான கட்டும்தான். செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆண்டிபயாடிக் ஊசி அந்த இடத்தை நிரப்பாது.

ஊசி மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. உடம்புச் சூடு என் கையில் இருக்கும் இன்னொரு விஷயம். 1996இல் கர்ஸ், செஸ்லர் குழுவினர் 200 குடல் ஆபரேஷன்களில், நோயாளியைக் கதகதப்பாக வைத்திருந்தால் புண் சீழ் 6 சதவீதம், இரண்டு டிகிரி குளிர விட்டால் 19 என்று காட்டினார்கள். ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லி நான் சண்டை போடுவது அதனால்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, முடியை ரேசரால் மழிக்காமல் தேவைப்பட்டால் மட்டும் கிளிப்பரால் எடுப்பது, இவையெல்லாம் தெரிந்தவையே. வயிற்றை மூடும் முன் எல்லோரும் கையுறையை மாற்றி, புது கருவிகளை எடுப்பது அண்மையில் சேர்ந்தது. இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 பேரில் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அந்தச் சின்ன மாற்றத்தால் புண் சீழ் 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆனது. இதற்கு ஒரு ஜோடி கையுறையும் தனியே எடுத்துவைத்த சில கருவிகளும்தான் செலவு.

குடும்பத்தில் யாருக்காவது குடல் ஆபரேஷன் என்றால், முந்தின நாளே நாலு கேள்வி கேளுங்கள். ஆண்டிபயாடிக்கை எங்கே, எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? கேஸ் தள்ளிப்போனால் மறுபடியும் போடுவீர்களா? வாய்வழி மாத்திரை உண்டா? எப்போது நிறுத்துவீர்கள்? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் தப்பாக நினைக்கமாட்டார். பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றால். இந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் நடந்த காலத்தில், ஈ.கோலை செபலோஸ்போரினுக்கு மசிந்தது. இன்றைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கண்காணிப்பு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள்: இந்திய ஆஸ்பத்திரிகளில் வளரும் ஈ.கோலையில் பெரும்பகுதி மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்களுக்கே மசிவதில்லை. அதற்கும் மேலே உள்ள கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 66 நாடுகளில் 12,539 வயிற்று ஆபரேஷன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஆய்வில், சீழிலிருந்து கிருமி வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, தடுப்புக்குப் போட்ட மருந்துக்கே மசியாத கிருமி. ஏழை நாடுகளில் அது மூன்றில் ஒருவர்.

இஸ்ரேல், சுவிட்சர்லாந்து, செர்பியா ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளின் மலத்தைச் சோதித்து, செபலோஸ்போரினுக்கு மசியாத கிருமி இருப்பவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான மருந்து போட்டபோது அவர்களில் சுமார் 25 சதவீதத்துக்குப் புண் சீழ், மற்றவர்களில் 11. அவர்களுக்கு மட்டும் கார்பபெனம் வகையைச் சேர்ந்த எர்டாபெனம் கொடுத்தபோது அளவு இறங்கியது. அங்கே அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மை. நம் ஊரில் பெரும்பான்மையாக இருந்தால்? எல்லோருக்கும் எர்டாபெனம் போட ஆரம்பித்தால், நாளைக்கு உயிர் காக்க வைத்திருக்கும் கடைசி மருந்துகளை இன்றைக்கே தடுப்புக்காகச் செலவழிப்பதாகும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். வேறு வகை ஆண்டிபயாடிக்கான அமிகாசினுக்கு நம் ஈ.கோலை இன்னும் கணிசமாக மசிகிறது; மெட்ரோனிடசோலோடு ஒரே டோஸ் அமிகாசின் என்பது யோசிக்க வேண்டிய வழி, ஆனால் நம் மண்ணிலேயே ஒழுங்காக ஆய்வு செய்து பார்த்தால்தான் தைரியமாகச் சொல்ல முடியும்.

அதுவரை செய்யக்கூடியது, நம் புண்களில் என்ன வளர்கிறது என்று தெரிந்துகொள்வது. திறக்கும் ஒவ்வொரு புண்ணிலிருந்தும் மருந்தை மாற்றுவதற்கு முன் சீழ், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குப் போக வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் முன் ஊசியின் பெயரும், போட்ட நேரமும், கத்தி வைத்த நேரமும் எழுதப்பட வேண்டும் என்று எங்கள் இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடத்துக்கு எந்த மருந்து வாங்குவது என்று முடிவெடுக்கும்போது அந்தப் பட்டியல் மேஜையில் இருக்க வேண்டும். மைக்ரோபயாலஜி டாக்டர் சரி என்றுவிட்டார். சர்ஜரி பிரிவில் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.